காதை அடைத்தால்தான் கேட்கும்

5 வாட் ரேடியோவைத் தோள்பையில் போட்டுக்கொண்டு மலையேறும் ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், ஒவ்வொரு கிராம் எடையையும் கணக்குப் பார்ப்பவர்கள். ஆன்டெனாக் கம்பி எத்தனை மீட்டர், அதைத் தூக்கிப் பிடிக்கும் கம்பம் எவ்வளவு கனம், லித்தியம் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றெல்லாம் வாரக்கணக்கில் பேசுவார்கள். காதில் எதை மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், போனோடு வந்த இயர்போன் ஒன்று எங்கோ கிடக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பதில். அனுப்பும் திறனை 5 வாட்டிலிருந்து 10 வாட்டாக உயர்த்தினால் எதிர்முனையில் கூடுவது 3 டெசிபெல், சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளிக்காகப் பெரிய பேட்டரியைச் சுமக்கத் தயங்காதவர்கள், கேட்கும் பக்கத்தில் அதைப்போலப் பல மடங்கு கைநழுவிப் போவதைக் கவனிப்பதில்லை. வெளியிடத்தில் ரேடியோ இயக்குபவருக்கு இயர்போனின் தரம் என்பது அது எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது என்பதில் இல்லை. காதை எவ்வளவு நன்றாக அடைக்கிறது, ரேடியோவின் வெளியீட்டுக்கு எவ்வளவு அளவோடு ஒத்துப்போகிறது என்கிற இரண்டில்தான் இருக்கிறது. விலையும் பெயரும் இவற்றுக்குப் பிறகு வருபவை. கடைக்காரர் சொல்வதற்கும் இசை ரசிகர்கள் சொல்வதற்கும் இது மாறாக இருப்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், மலைக்கு ஏன் போகிறோம் என்பதையே எடுத்துக்கொள்வோம். உயரம் ஒரு காரணம். ஆனால் எச்.எஃப். அலைவரிசைகளில் அதைவிடப் பெரிய காரணம், ஊரின் மின் இரைச்சலை விட்டு விலகுவது. சார்ஜர்கள், எல்.ஈ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள் எல்லாம் சேர்ந்து வீட்டில் 40 மீட்டர் பேண்டைக் கொதிக்க வைத்துவிடுகின்றன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையில் உள்ள சூத்திரத்தில் அந்த பேண்டுக்குரிய 7 மெகாஹெர்ட்ஸைப் போட்டுப் பார்த்தால், குடியிருப்புப் பகுதிக்கும் அமைதியான நாட்டுப்புறத்துக்கும் மனிதன் உண்டாக்கும் இரைச்சலில் ஏறத்தாழ 20 டெசிபெல் வித்தியாசம் வருகிறது. திறனில் சொன்னால் 100 மடங்கு. நம் வெப்ப மண்டலத்தில் இடி மின்னல் உண்டாக்கும் வானிலை இரைச்சல் இரவிலும் மழைக்காலத்திலும் இந்த ஆதாயத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் பகல் வேளையில், வானம் தெளிந்த நாளில், மலையில் ஆன்டெனா கேட்பதை வீட்டு ஆன்டெனா கேட்கவே முடியாது. 2002-இல் பிரிட்டனில் தொடங்கிய சிகர வானொலித் திட்டமான சோட்டா பல நாடுகளுக்குப் பரவியதற்கும், 2016-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் நூற்றாண்டையொட்டி நடந்த நிகழ்ச்சி போட்டா என்ற பெயரில் தொடர்ந்து நிலைத்ததற்கும் இந்த அமைதி ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

ரேடியோ கேட்கும் உலகம் அப்படி அமைதியாகும்போது, காது கேட்கும் உலகம் அமைதியாவதில்லை. மலை உச்சியில் காற்று நிற்பதே இல்லை. காட்சி முனை என்றால் சுற்றுலா வந்தவர்களின் பேச்சும் வண்டிகளின் உறுமலும், பூங்கா என்றால் குழந்தைகளின் கூச்சலும் சேரும். வீட்டு அறையில் நிலைமை நேர்மாறு: ரேடியோவுக்குள் இரைச்சல், அறைக்குள் அமைதி. வீட்டில் எந்த ஹெட்போனைப் போட்டாலும் கேட்பது ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். அங்கே பலவீனமான சிக்னலை மூழ்கடிப்பது ஆன்டெனா வழியாக வரும் இரைச்சல், அதை எந்த இயர்போனாலும் பிரித்தெடுக்க முடியாது. மலையில் பலவீனமான சிக்னல் ரேடியோவின் வாசலைத் தாண்டி வந்துவிடுகிறது. இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் இடையில், காற்றின் ஓசையில்தான் அது தொலைகிறது. 20 டெசிபெல் அமைதியைத் தேடி ஏறி வந்தவர் அதைக் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் இழப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காற்றின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. நாம் கேட்க வேண்டிய பேச்சு 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரை; மோர்ஸ் என்றால் 600, 700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒற்றைத் தொனி. அதிர்வெண் வேறாக இருக்கும்போது ஒன்று மற்றொன்றை எப்படிக் கெடுக்கும் என்று கேட்கலாம். காதின் அமைப்பு அப்படி. ஓங்கி ஒலிக்கும் தாழ்ந்த ஓசை தனக்கு மேலே உள்ள அதிர்வெண்களை மறைக்கிறது. மேலே உள்ளது கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. வெகல், லேன் என்ற இருவர் 1924-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். எனவே காற்றின் முழக்கத்தைக் காதுக்கு வெளியிலேயே நிறுத்துவது வெறும் வசதிக்கான காரியம் அன்று. பேச்சின் மெய்யெழுத்துகளை மீட்டெடுக்கும் காரியம். நல்ல அடைப்புள்ள இயர்போன் வெளி ஓசையை 20, 25 டெசிபெல் வரை குறைக்கிறது. ஆழமாகச் செருகும் வகை இன்னும் கூடுதலாகக் குறைக்கும். செவித்துளையின் வாயிலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் கடினப் பிளாஸ்டிக் வகை, அதாவது போனோடு இலவசமாக வந்துகொண்டிருந்த வகை, ஏறக்குறைய எதையும் குறைப்பதில்லை.

அப்படியானால் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டால் போதாதா என்பது வழக்கமான மறுப்பு. போதும், ஆனால் விலை காதின் ஆயுள். அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு, 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிறது: 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம். சுற்றிலும் 75 டெசிபெல் ஓசை இருக்கும் இடத்தில் பலவீனமான பேச்சைப் பிடிக்க 85-ஐத் தாண்டி வைக்க வேண்டியிருக்கும். அதே இடத்தில் காதை அடைத்து 50-க்குக் கொண்டுவந்துவிட்டால் 65-இல் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கேட்கலாம். வேறொரு ஆதாயமும் உண்டு. ஒலி குறைவாக இருக்கும்போது காதின் பிரித்தறியும் கூர்மை அதிகம்; ஓங்கிய ஒலியில் அந்தக் கூர்மை மழுங்குகிறது. நெரிசலான பேண்டில் இரண்டு மோர்ஸ் தொனிகள் பக்கத்துப் பக்கத்தில் கேட்கும்போது ஒலியைக் கூட்டாமல் குறைத்துப் பார்ப்பவர்தான் அவற்றைப் பிரிப்பார். குறைக்கும் சுதந்திரம் காதை அடைத்தவருக்கே கிடைக்கிறது.

அடைப்பைத் தருவது இயர்போன் அன்று, அதன் முனையில் மாட்டும் ரப்பர் அல்லது நுரை மூடி. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய இயர்போன் பெட்டியில் மூன்று அளவு சிலிக்கோன் மூடிகள் இருக்கும். நடுவளவு ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும். மற்ற இரண்டையும் பலர் வெளியே எடுப்பதே இல்லை. இரண்டு காதுகளும் ஒரே அளவாக இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. இடது காதுக்குச் சிறியது, வலது காதுக்கு நடுவளவு என்று முடிவது சாதாரணம். அடைப்பு சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு: தாழ்ந்த சுருதியுள்ள இசை எதையாவது போட்டுக் கேட்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நிறைவாகக் கேட்டால் அடைப்பு இருக்கிறது. சல்லென்று மெலிந்து கேட்டால் எங்கோ கசிகிறது. கசியும் வழியில் உள்ளே இருக்கும் தாழ்ந்த ஒலி வெளியே போகிறது. அதே வழியில் காற்றின் தாழ்ந்த ஓசை உள்ளே வருகிறது. நுரை மூடிகள் சிலிக்கோனைவிட நன்றாக அடைக்கும். விரலால் உருட்டிச் சுருக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நம் ஊர் வியர்வையில் நுரை சீக்கிரம் கெடும் என்ற குறை நியாயமானதுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏறும்போது போட்டுக்கொள்ளாமல், உட்கார்ந்து காது காய்ந்த பிறகு போட்டுக்கொண்டால் அதன் ஆயுளும் கூடும், செவித்துளையில் புண் வரும் வாய்ப்பும் குறையும். காதில் சீழோ அரிப்போ உள்ளவர்கள் இந்த வகையையே விட்டுவிட வேண்டும். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மாற்று வாதம் இல்லை.

இனி உணர்திறன். அமெச்சூர் வானொலியின் தொடக்க காலத்தில் உணர்திறன்தான் எல்லாமாக இருந்தது. கிரிஸ்டல் ரேடியோவில் பெருக்கி கிடையாது. ஆன்டெனா பிடித்த ஆற்றலே நேராகக் காதுக்கு வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் 1910-இல் தம் கையால் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படை சோதித்துப் பார்த்து ஆர்டர் கொடுத்ததற்குக் காரணம், அதுவரை இருந்தவற்றைவிட அது கூர்மையாகக் கேட்டது என்பதே. சமநிலை ஆர்மேச்சர் என்ற அந்த உத்தி பின்னாளில் காது கேட்கும் கருவிகளுக்குப் போய், இன்று இயர்போன்களில் மிகச் சிறிய உருவில் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பாடம் மட்டும் இன்னும் மாறவில்லை: எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய ரேடியோவுக்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கியை முழங்க வைக்கும் பெருக்கி இருக்கிறது. அதற்குக் கூர்மையான இயர்போன் உதவி செய்வதில்லை, தொந்தரவுதான் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். பரவலாகக் கிடைக்கும் ஷூர் எஸ்ஈ215-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் மின்மறுப்பு 17 ஓம். உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 107 டெசிபெல். 17 ஓமில் 1 வோல்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட 59 மில்லிவாட் போகிறது. ஆகவே 1 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 125 டெசிபெல். வீட்டில் பலர் வைத்திருக்கும் சென்ஹைசர் எச்டி 600, 300 ஓம். 1 வோல்ட்டுக்கு 97 டெசிபெல். இரண்டுக்கும் இடையில் 28 டெசிபெல். ரேடியோவின் கடைசிப் பெருக்கியில் ஒலிக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் கொஞ்சம் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அது 50 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், பெரிய ஹெட்போனில் அது 11 டெசிபெல், யாருக்கும் கேட்காது. இயர்போனில் அது 39 டெசிபெல். அடைக்கப்பட்ட அமைதியான காதில் ஓயாத ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் பெருக்கியின் இரைச்சலைக் கொண்டுவந்து வைத்தது போலாகிவிடும். மோசமான பகுதி இனிமேல்தான். ரேடியோவின் ஃபில்டர் 2.4 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் 200 ஹெர்ட்ஸ் என்றாலும் இந்த இரைச்சல் ஃபில்டருக்குப் பிறகு பிறப்பது, ஆகவே கேட்கும் எல்லை முழுவதும் பரவியிருக்கும். இசைக்காக 6, 8 கிலோஹெர்ட்ஸில் பளபளப்பு ஏற்றப்பட்ட இயர்போன்கள் அந்த இரைச்சலைத்தான் இன்னும் தூக்கிக் காட்டும். அங்கே ரேடியோவிலிருந்து கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

இதற்கு இயர்போனை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தொடரில் 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்த சிறிய இணைப்பு வயர் போதும். 17 ஓம் இயர்போனுக்கு அது 17 டெசிபெல்லைக் குறைக்கிறது. 39-இல் இருந்த இரைச்சல் 22-க்கு இறங்குகிறது. ஒலிக் குமிழும் முதல் கால் சுற்றிலேயே கத்தாமல் நடுப்பகுதியில் நிதானமாக வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: இது ஒற்றை டைனமிக் டிரைவர் உள்ள இயர்போன்களுக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தக்கது. ஆர்மேச்சர் வகையில் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறும்; தொடரில் மின்தடை சேர்ந்தால் மேல் சுருதிகள் தூக்கலாகும். எட்டிமோட்டிக் நிறுவனம் தன் ஈஆர்4 வரிசையில் இதையே வேண்டுமென்று பயன்படுத்தியது. ஈஆர்4பி மாதிரியை ஈஆர்4எஸ் போல ஒலிக்க வைக்க 75 ஓம் இணைப்பு வயர் விற்றது. மூன்று நான்கு ஆர்மேச்சர்களைக் கோத்த மலிவான இயர்போன்களில் அந்தத் தூக்கல் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஒரு காதுக்கு எத்தனை டிரைவர் என்ற எண்ணைப் பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போடும் வியாபாரத்துக்கு ரேடியோக்காரர் மயங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நமக்குத் தேவையான மூன்று கிலோஹெர்ட்ஸை ஒரே டைனமிக் டிரைவர் தாராளமாகக் கையாளும்.

உணர்திறனைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். ஹாம்களிடையே தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு காப்பு உத்தி உண்டு: ஹெட்போன் முனைகளுக்குக் குறுக்கே இரண்டு சிலிக்கான் டயோடுகளை எதிரெதிராக வைப்பது. திடீரென்று பக்கத்து நிலையம் வெடித்துக் கிளம்பினாலும், மின்னல் தட்டினாலும் 0.6 வோல்ட்டுக்கு மேல் போகாது. பழைய ஹெட்போன்களுக்கு அது நல்ல காப்பு. மேலே சொன்ன இயர்போனில் 0.6 வோல்ட் என்றால் 120 டெசிபெல்; வலி தொடங்கும் எல்லை. டயோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் காதைப் பணயம் வைக்கிறோம். டயோடுகளுக்குப் பிறகு அந்த 100 ஓமைத் தொடரில் வைத்தால் உச்சம் 103-க்கு இறங்குகிறது. டயோடுகளுக்கு முன்னாலும் சில பத்து ஓம் இருந்தால் ரேடியோவின் பெருக்கிக்குச் சுமை ஏறாது. இந்தக் காப்பு, ஒலி அளவைத் தானே சீராக்கும் ஏ.ஜி.சி. இல்லாத சிறு ரேடியோக்களுக்கு மிகவும் அவசியம். கியூஆர்பி லேப்ஸின் கியூசிஎக்ஸ் முதலில் வந்தபோது 200 ஹெர்ட்ஸ் ஃபில்டர் இருந்தது, ஏ.ஜி.சி. இல்லை. மவுண்டன் டாப்பர் எம்டிஆர்-3பி-யில் ஒலிபெருக்கியும் இல்லை, ஒலிக் குமிழும் இல்லை. காதில் என்ன மாட்டுகிறோமோ அதுவே ஒலி அளவையும் முடிவு செய்கிறது. கூர்மை குறைந்த இயர்போன் ஒரு குறையாகத் தோன்றாமல் தகுதியாகத் தோன்றும் இடம் அது.

தொனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ நமக்கு எதையும் சொல்வதில்லை. பெல் ஆய்வகத்தின் பிரெஞ்சும் ஸ்டைன்பெர்க்கும் 1947-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் தகவலில் பாதி ஏறத்தாழ 1,900 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பேச்சுக்கான எஸ்.எஸ்.பி. ரேடியோ 2,700-ஓடு வெட்டிவிடுவதால் நமக்கு மிஞ்சும் மேல் பகுதி மிகக் குறுகியது. அந்தப் பகுதியை இயர்போன் அமுக்கிவிடக் கூடாது. 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை தெளிவாகவும், 200-க்குக் கீழே அடக்கமாகவும் ஒலிப்பது நல்லது. ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ என்று விற்பவை நேர் எதிரானவை. காற்றின் முழக்கத்தை அடைத்து வெளியேற்றிய பிறகு, அதே வேலையைச் செய்யும் முழக்கத்தை நாமே உள்ளே உண்டாக்கிக்கொள்வதில் பொருள் இல்லை. மோர்ஸ் மட்டும் இயக்குபவருக்கு இந்தப் பத்தியே வேண்டாம். 600 ஹெர்ட்ஸை எல்லா இயர்போனும் ஒலிக்கும்.

வயரும் பின்னும் கவனத்துக்கு உரியவை. கடையில் யாரும் இவற்றைப் பார்ப்பதில்லை. காதை அடைத்தவுடன் வயர் சட்டையில் உரசும் சத்தம் உள்ளே பெரிதாகக் கேட்கும். காது மடலுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கமாக இறங்கும் அமைப்பு இதைப் பெரிதும் குறைக்கிறது. சட்டையில் மாட்டும் கிளிப் இருந்தால் இன்னும் நல்லது. எம்எம்சிஎக்ஸ் அல்லது இரண்டு ஊசி இணைப்போடு கழற்றி மாட்டும் வயர் உள்ளதையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; காட்டில் முதலில் அறுவது வயர்தான். அடுத்தது ரேடியோ அலை. குட்டையான எதிர்க்கம்பியோடு (கவுண்டர்பாய்ஸ்) கம்பி ஆன்டெனா கட்டி இயக்கும்போது, ரேடியோவின் உடலும் அதிலிருந்து தொங்கும் இயர்போன் வயரும் நம் உடம்பும் அந்த எதிர்க்கம்பியின் பகுதியாகிவிடுகின்றன. மோர்ஸ் விசையை அழுத்தும்போதெல்லாம் காதில் கரகரப்பு எழுந்தால் இயர்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிர்க்கம்பியை நீளமாக்க வேண்டும், ரேடியோவுக்குப் பக்கத்தில் 31-ஆம் கலவை ஃபெரைட் வளையத்தில் வயரைப் பல சுற்று சுற்ற வேண்டும். 144 மெகாஹெர்ட்ஸ் கையடக்க ரேடியோக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அரை அலை ஏறத்தாழ 1 மீட்டர், பெரும்பாலான இயர்போன் வயர்களின் நீளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பின்னைப் பொறுத்தவரை, மைக் உள்ள நான்கு முனைப் பின்னைத் தவிர்த்து மூன்று முனைப் பின்னையே தேடி வாங்குங்கள். நான்கு முனைப் பின் சில ஜாக்குகளில் தரைத் தொடர்பைச் சரியாகத் தொடாமல், குரல் குழிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஒற்றைச் சேனல் பின்னை ஸ்டீரியோ ஜாக்கில் செருகினால் ஒரு சேனலின் வெளியீடு தரையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வயரே இல்லாத இயர்போன் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2020-இல் வந்த ஐகாம் ஐசி-705-இல் புளூடூத் உள்ளேயே இருக்கிறது. பேச்சை மட்டும் கேட்பவருக்கு அது சரியாக வரும். மோர்ஸில் வராது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லி வினாடி. சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 200 மில்லி வினாடி தாமதமாக வருகிறது. மூன்று புள்ளி நேரம். கை அனுப்பியதைக் காது மூன்று புள்ளி கழித்துக் கேட்டால் எந்தத் தேர்ந்த கையும் தடுமாறும். குறைந்த தாமத முறைகள் இருக்கின்றன. அவை ரேடியோ, இயர்போன் இரண்டிலும் இருந்தால்தான் பயன்படும். சுற்றுப்புற ஓசையைத் தானே எதிர் ஓசையால் அழிக்கும் இயர்பட்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். விமானத்துக்குள் அவை அருமையாக வேலை செய்யும். மலைக்காற்று அவற்றின் வெளி மைக்குகளில் நேராக மோதி, அழிப்பதற்குப் பதிலாகப் புதிய இரைச்சலை உள்ளே கொண்டுவருகிறது. சாதாரண இயர்போனுக்கு மேல் காதை மூடும் குல்லாய் ஒன்றைப் போட்டுக்கொண்டால் காற்று அதன் உடலில் மோதும் சத்தமும் நின்றுவிடும்.

காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனே சிறந்தது என்பவர்களோடு பாதி உடன்படுகிறேன். வீட்டில், போட்டிகளில், ஜீப்பில் போய் இறங்கி இயக்கும் இடங்களில் அது வசதியானது. செவித்துளைக்குள் எதுவும் போவதில்லை. நம் குரல் நமக்கே முழங்குவதும் குறைவு. ஆனால் அதன் எடை 200 கிராமைத் தாண்டும். மூக்குக் கண்ணாடியின் காம்பும் தொப்பியின் விளிம்பும் பஞ்சு வளையத்துக்குள் புகுந்து இடைவெளி உண்டாக்கும். தாழ்ந்த ஓசை அந்த வழியாகத்தான் நுழையும். வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் அதைத் தலையில் வைத்திருக்க முடியாது. குரல் முழக்கத்துக்கு இயர்போனிலும் மருந்து உண்டு: ஆழமாகச் செருகினால் அது குறைகிறது, மேலோட்டமாக அடைத்தால்தான் கூடுகிறது. ரேடியோவுக்குள்ளேயே இரைச்சல் நீக்கும் டி.எஸ்.பி. இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். இருக்கிறது, நல்லதுதான், ஆனால் அது ஆன்டெனா வழி வந்த இரைச்சலைத்தான் தொடும். உங்கள் காதோரம் வீசும் காற்றைப் பற்றி அதற்குத் தெரியாது.

மிகக் கனமான மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. அதற்கு நான் முழு மதிப்புக் கொடுக்கிறேன். நீலகிரியின் காட்டோரங்களில் யானை, கொடைக்கானல் சுற்றுவட்டாரத்தில் காட்டுமாடு. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்காருவது அங்கே அறிவுடைமை ஆகாது. துணைக்கு ஒருவர் காதைத் திறந்து வைத்துக்கொண்டு அருகில் இருந்தாலொழிய அங்கே ஒரு காதை மட்டும் அடைக்க வேண்டும். இரண்டு காதாலும் கேட்பதால் கிடைக்கும் ஏறத்தாழ 3 டெசிபெல் போய்விடும், போகட்டும். இடி இன்னொரு விஷயம். மின்னலைப் பார்த்து 30 நொடிக்குள் இடி கேட்டால் இறங்கி ஒதுங்க வேண்டும் என்ற விதி, காது திறந்திருப்பவருக்கே பயன்படும். ரேடியோவில் மின்னல் ‘படார்’ என்று கேட்கத்தான் செய்யும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழுவதும் அப்படியே கேட்பதால் தூரத்தை அது சொல்லாது. மேகம் கூடும் நாளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயர்போனைக் கழற்றிச் சுற்றிலும் கேட்டுப் பார்ப்பதும், வெடிச் சத்தங்கள் நெருங்கி வந்தால் தொடர்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆன்டெனாவை இறக்குவதும் தவிர வேறு வழியில்லை. நடக்கும்போது இயர்போன் பைக்குள் இருக்க வேண்டும் என்பதில் விவாதமே கிடையாது.

வாங்கப் போகிறவருக்கு: ஒற்றை டைனமிக் டிரைவர், 16 முதல் 32 ஓம், கழற்றும் வயர், மூன்று முனைப் பின், பல அளவு மூடிகள். இவை இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கின்றன. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் நம் ரேடியோ ஒலிக்காத அதிர்வெண்களுக்குப் போகிறது. மிச்சப் பணத்தில் நுரை மூடிகளும் இரண்டு மின்தடைகளும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ரேடியோவை இயக்கி, ஒலிக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அப்போது காதில் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் மின்தடையைச் சேர்த்து மறுபடியும் கேளுங்கள். பிறகு ஆன்டெனாவை இணைத்து, சாதாரண பலமுள்ள ஒரு நிலையத்தைப் பிடித்து, குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கால் சுற்றுக்குக் கீழே நின்றால் இன்னும் குறைக்க வேண்டும். முக்காலைத் தாண்டினால் மின்தடை அதிகம், 47 ஓம் போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, குழாயின் வாயில் உள்ள வலையில் காதழுக்கு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். பழைய இயர்போனில் ஒரு பக்கம் மட்டும் மேல் சுருதி மங்கிவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தத் தூரிகையோடு தீர்ந்துவிடும்.